பச்சை ரிப்பனும் நாலு வயது மகளும்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது, மகளுக்கு 4. அக்டோபர் வந்தாலே பள்ளியிலும் நூலகத்திலும், மாதக் கடைசியில் பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகைக்கான புத்தகங்கள்தான். போன வாரம் மகன் நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தைத் தங்கைக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். எப்போதும் கழுத்தில் பச்சை ரிப்பன் கட்டியிருக்கும் ஒரு பெண். கடைசியில் ரிப்பனை அவிழ்த்ததும் தலை கீழே விழுகிறது. அன்றிலிருந்து மகள் தனியாகப் பாத்ரூம் போவதில்லை. ராத்திரி விழித்துக்கொண்டு என் கழுத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். விடிந்ததும் அதே புத்தகத்தைத்தான் கேட்கிறாள்! ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை, ‘விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளைக்குப் பேய்ப் புத்தகமா?’ என்று தினமும் கடிந்துகொள்கிறார். கணவர், ‘இந்த ஊரில் வளர்கிற பிள்ளை, பழகட்டும்’ என்கிறார். நான் எல்லாப் புத்தகங்களையும் அலமாரிக்குள் ஒளித்து வைத்துவிட்டேன். செய்தது சரியா? இனி அக்டோபர் முழுக்க என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

வணக்கம். நான் 16 வருடமாக உங்கள் மாநிலத்திலேயே ஒரு பொது நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் சின்னக் குழந்தைகளுக்குக் கதை நேரம் நடத்துகிறேன். ஒவ்வொரு அக்டோபரிலும் உங்களைப் போல ஓர் அம்மாவோ அப்பாவோ ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். தூக்கமில்லாத முகம். அதனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே வீட்டு நிலவரம் எனக்குப் புரிந்துவிட்டது.

மகள் உங்கள் கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். முதலில் அதைப் பேசிவிடுவோம். புத்தகங்களை அப்புறம் பார்க்கலாம்.

உங்கள் மகன் வாசித்தது ஆல்வின் ஷ்வார்ட்ஸின் ‘இன் எ டார்க், டார்க் ரூம்’ என்று நினைக்கிறேன். 1984-இல் வந்தது, இன்றைக்கும் நூலக அலமாரியில் தங்காத புத்தகம். அதில் இருக்கும் ஒரு குட்டிக் கதைதான் அந்தப் பச்சை ரிப்பன். கவனித்தீர்களா, அந்தக் கதையில் பேயே கிடையாது. ஒரு பெண் இருக்கிறாள், அவள் கழுத்தில் ஒரு ரிப்பன், அவ்வளவுதான். ரிப்பன் உங்கள் மகளுக்குத் தெரிந்த பொருள், அவள் தலையிலேயே இருக்கிற பொருள். அவளுடைய பயம் பேயைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவின் தலை கழன்று விழுந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறாள். ராத்திரி கை நீட்டி, இன்னும் ஒட்டித்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாள்.

ஆகவே ‘பேயெல்லாம் கிடையாது, தூங்கு’ என்று சொன்னால் அவள் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகிவிடும். இன்று ராத்திரி அவள் தடவும்போது கையை விலக்காதீர்கள். அவளுடைய இரண்டு கையையும் எடுத்து உங்கள் தொண்டையில் வையுங்கள். எச்சிலை விழுங்கிக் காட்டுங்கள். உள்ளே ஏதோ மேலே போய்க் கீழே இறங்குவது அவள் விரலுக்குத் தெரியும். மெல்ல ஒரு தாலாட்டை முனகுங்கள். கழுத்து அதிர்வது உள்ளங்கையில் கூசும், சிரித்துவிடுவாள். பிறகு பின்கழுத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இப்படி 7 எலும்பு ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்திருக்கிறது, சதையும் தோலும் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கிறது, அதெல்லாம் அவிழவே அவிழாது என்று சொல்லுங்கள். ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் அதே 7 எலும்புதான் என்பதையும் சேர்த்துச் சொன்னால், மறுநாள் பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க மாட்டாள்.

பகலில் ஒரு ரிப்பனை எடுத்து விளையாடுங்கள். பொம்மைக்குக் கட்டட்டும், நாற்காலிக் காலில் கட்டட்டும், உங்கள் மணிக்கட்டில் கட்டிவிட்டு அவளே அவிழ்க்கட்டும். அவிழ்த்தாலும் எதுவும் விழவில்லை என்பதை அவள் கை பத்துத் தடவையாவது பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எந்தக் குழந்தையின் கழுத்திலும் ரிப்பனோ கயிறோ கட்ட வேண்டாம், அண்ணன் ‘சும்மா விளையாட்டுக்கு’ என்றாலும் கூடாது. கழுத்தில் சுற்றிய கயிறு இறுகிவிட்டால் ஆபத்து.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த வயதில் சமாதானப் பேச்சைவிடத் தொடுவதும் பிடிப்பதும்தான் எடுபடும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கேன்டர் என்ற பேராசிரியர் பல வருடம் குழந்தைகளின் பயத்தையே ஆராய்ந்தார். அவர் கண்டதில் இரண்டு விஷயம் எனக்குத் தினமும் உதவுகிறது. பள்ளி வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மிரட்டுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற உருவம்; அது நல்லதா கெட்டதா என்பது இரண்டாவதுதான். தொலைக்காட்சித் தொடரில் பச்சையாக மாறும் ஹல்க் நல்லவர்தான், ஆனால் அவர் மாறும் காட்சியைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் மிரண்டார்கள். அடுத்தது, ‘இது நிஜமில்லை’ என்ற விளக்கம் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கே அதிகம் உதவுகிறது. சின்னவர்களுக்கு மடி வேண்டும், போர்வை வேண்டும், குடிக்க ஏதாவது வேண்டும்.

அதற்கும் முன்னால், 1969-இல், ரீட்டா டிவ்ரீஸ் செய்த ஒரு சோதனை இருக்கிறது. மேனார்ட் என்று ஒரு பூனை. 3 முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகள் அதைத் தடவிக் கொடுத்துப் பழகினார்கள். பிறகு அதற்கு ஒரு நாய் முகமூடியை மாட்டினார்கள். பூனையின் வால் பிள்ளைகளின் கண்ணெதிரேதான் இருந்தது. இருந்தாலும் 3 வயதுப் பிள்ளைகளில் பலர் அது நாயாகவே மாறிவிட்டது என்று நம்பினார்கள். 6 வயதுக்காரர்கள் இது முகமூடி, உள்ளே பூனைதான் என்றார்கள். உங்கள் வீட்டு அண்ணனும் தங்கையும் இந்த இரண்டு கரைகளில் நிற்கிறார்கள்.

எனக்கே இது வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நடந்தது. அக்டோபர் கடைசி வாரம், கதை நேரத்துக்குக் கூரான கறுப்புத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வாரா வாரம் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்ளும் ஒரு குழந்தை, இரண்டரை வயதிருக்கும், வாசலிலேயே நின்றுவிட்டாள். அழவில்லை. கண் அகன்று, இரண்டு விரல் வாயில். நான் சிரித்துக்கொண்டே கூப்பிடக் கூப்பிட அவள் பின்னால் பின்னால் போனாள். தொப்பிக்குக் கீழே இருந்தது என் முகம்தான். அவளுக்கு அது நான் இல்லை. தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தேன். பக்கத்தில் வந்தாள். அவள் பார்க்கப் பார்க்கத் திரும்பப் போட்டேன், கழற்றினேன், போட்டேன். கடைசியில் அவளே தூக்கி என் தலையில் வைத்தாள். அன்றிலிருந்து எந்த வேஷமானாலும் பிள்ளைகள் எதிரில்தான் போடுகிறேன், எதிரில்தான் கழற்றுகிறேன்.

அந்தத் தொப்பி அவள் கைக்கு வந்ததும் பயம் போய்விட்டது. நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதும் இதைத்தான்: பயமுறுத்தும் படப் புத்தகம் சின்னப் பிள்ளைக்கு நல்லதா கெட்டதா என்று என்னால் பொதுவாகச் சொல்ல முடியாது, பக்கத்தைத் திருப்புவது யார் கை என்று பார்க்கத்தான் சொல்வேன். உங்கள் மகளுக்கு அன்று பக்கத்தைத் திருப்பியது அண்ணன். அடுத்த பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

மகனைத் திட்ட வேண்டாம். அவன் தப்பொன்றும் செய்யவில்லை. அந்தப் புத்தகம் தானாக வாசிக்கப் பழகும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. சின்னச் சின்ன வாக்கியம், பெரிய எழுத்து. ஒரு முழுக் கதையைத் தானே வாசித்து, கடைசியில் ஒரு திடுக்கிடலையும் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஓடிவந்து தங்கைக்குக் காட்டியிருக்கிறான். இங்கே பெரியவர்கள் நாமும் ஏமாந்துபோகிறோம். சொற்கள் எளிதாக இருந்தால் குட்டிப் பிள்ளைக்கு ஏற்றது என்று நினைத்துக்கொள்கிறோம். வாசிப்பதற்கு எளிது என்பது வேறு, தாங்குவதற்கு எளிது என்பது வேறு. அட்டையில் போட்டிருக்கும் வாசிப்பு நிலை எண் முதலாவதை மட்டும்தான் சொல்லும். மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அந்தப் புத்தகம் உன்னோடது. உன் பையிலயே வெச்சுக்கோ. பாப்பாவுக்குப் படிக்கணும்னா, வேற ஒண்ணு நாம சேர்ந்து எடுப்போம்.” பெரிய பையனுக்குரிய மரியாதை கிடைத்ததும் அவனே காவல்காரனாகிவிடுவான்.

சரி, பயந்தவள் ஏன் அதையே திரும்பக் கேட்கிறாள்? ஆடுகிற பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதில்லையா, அது மாதிரிதான். வலிக்கிறதா, எவ்வளவு வலிக்கிறது, இப்போது குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். அதனால் ஒளித்து வைத்ததை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒளித்து வைத்தால், ‘அம்மாவே பயப்படுகிறாள், அப்படியானால் அது நிஜமாகவே ஆபத்தானது’ என்றுதான் அவளுக்கு அர்த்தமாகும். அந்தக் கதையை அவள் இனிமேல் கேட்டால், காலையிலோ மதியமோ, மடியில் வைத்துக்கொண்டு நீங்களே வாசியுங்கள். ரிப்பன் அவிழும் இடத்துக்கு முன்னால் நிறுத்தி, “அடுத்த பக்கத்துல தலை விழும். திருப்பலாமா, வேண்டாமா?” என்று கேளுங்கள். திடுக்கிடலை எடுத்துவிட்டால் பாதி விஷம் இறங்கிவிடும். வேண்டாம் என்றால் மூடிவிடுங்கள். அவள் கேட்காதபோது நீங்களாக எடுக்க வேண்டாம். 4 வயதுக்கு நான் தேர்ந்தெடுக்கும் கதை இல்லை அது.

அப்படியானால் எதை எடுப்பது? இரண்டே இரண்டு புத்தகத்தைப் பற்றி நன்றாகச் சொல்கிறேன். இருபது பெயரை அடுக்குவதைவிட அது உதவும்.

முதலாவது, எட் எம்பர்லியின் ‘கோ அவே, பிக் கிரீன் மான்ஸ்டர்!’ 1992-இல் வந்தது. உங்கள் மகளுக்காகவே செய்தது போல இருக்கும். கறுப்புப் பக்கங்கள், அவற்றில் வெட்டிய ஓட்டைகள். முதல் பக்கத்தைத் திருப்பினால் இரண்டு பெரிய மஞ்சள் கண். அடுத்ததில் நீண்ட மூக்கு சேரும். அப்புறம் சிவப்பு வாயும் கூரான வெள்ளைப் பல்லும், காது, கலைந்த ஊதா நிற முடி, கடைசியில் பெரிய பச்சை முகம் முழுசாக வந்து நிற்கும். அங்கே பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் விசேஷம். உன்னைப் பார்த்து எனக்குப் பயமில்லை, போ என்று சொல்லிச் சொல்லிப் பக்கத்தைத் திருப்பத் திருப்ப, முடி போகும், காது போகும், பல் போகும், ஒவ்வொன்றாகக் கழன்று கடைசியில் வெறும் கறுப்புப் பக்கம். நான் கூப்பிடுகிற வரைக்கும் வராதே என்ற உத்தரவோடு முடிகிறது. வரச் சொல்வதும் போகச் சொல்வதும் பிள்ளை. அந்த ‘போ!’வைத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொல் வேண்டியிருக்கிறது, நமக்கு ஒரே எழுத்து. கதை நேரத்தில் ஒரு தமிழ்க் குழந்தை “போ! போடா!” என்று விரலை நீட்டிக் கத்தியபோது, மொழி தெரியாத பிள்ளைகளும் “போ! போடா!” என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்தது ‘தி லிட்டில் ஓல்ட் லேடி ஹூ வாஸ் நாட் அஃப்ரெய்ட் ஆஃப் எனிதிங்’. லிண்டா வில்லியம்ஸ் எழுதி மேகன் லாயிட் படம் வரைந்தது, 1986. எதற்கும் பயப்படாத ஒரு சின்னக் கிழவி. காட்டுக்குப் போய் மூலிகையும் கொட்டையும் பழமும் பொறுக்கிக்கொண்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறாள். வழியில் இரண்டு பெரிய சப்பாத்து தனியாக நடந்து வருகிறது. நகரு, உன்னைக் கண்டால் எனக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டு நடக்கிறாள். அவை பின்னாலேயே வருகின்றன. அப்புறம் ஒரு கால்சட்டை, ஒரு சட்டை, கையுறை, தொப்பி, கடைசியில் பெரிய பூசணித் தலை. பூசணித் தலையைக் கண்டதும் பயப்படாத கிழவியே ஓட்டம் பிடிக்கிறாள். ஓடி வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டவள், கதவு தட்டும் சத்தம் கேட்டதும் போய்த் திறக்கிறாள். எவ்வளவு முயன்றும் உன்னைப் பயமுறுத்த முடியவில்லையே என்று வருத்தப்படும் அந்தக் கூட்டத்துக்கு ஒரு யோசனை சொல்கிறாள். மறுநாள் காலையில் எல்லாம் ஒன்றுசேர்ந்து தோட்டத்தில் காக்காய் விரட்டுகிற வைக்கோல் பொம்மையாக நிற்கின்றன. ராத்திரி மிரட்டியது பகலில் வேலைக்காரனாகிவிட்டது.

இந்தக் கதையை வாசிக்கும்போது ஆங்கிலச் சத்தங்களைப் பிடித்துத் தொங்க வேண்டாம். நம் மொழியில் இரட்டைச் சொல்லுக்குப் பஞ்சமா? சப்பாத்து ‘தொப்பு தொப்பு’, கால்சட்டை ‘தளக்கு தளக்கு’, சட்டை ‘சடசட’, கையுறை ‘பட்டு பட்டு’. ஒவ்வொன்றையும் உடம்பால் செய்ய வேண்டும்: காலைத் தட்டு, இடுப்பை ஆட்டு, தோளைக் குலுக்கு, கையைக் கொட்டு. உடம்பு ஆடும்போது பயம் உள்ளேயே உறைந்து கிடக்காது. அண்ணனுக்கு பூசணித் தலை வேடம் கொடுங்கள், தங்கை கிழவி. யார் யாரை விரட்டுவது என்று தெளிவாகிவிடும்.

பூசணி என்றதும் உங்கள் அத்தை ஞாபகம் வருகிறது. புதிதாகக் கட்டும் வீட்டு முகப்பில் பல்லும் மீசையும் வரைந்த திருஷ்டிப் பூசணிக்காயை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார்! ஆயுத பூஜைக்குத் தெருத்தெருவாகப் பூசணிக்காய் உடைப்பதும் இதே பருவத்தில்தான் வரும். ஹாலோவீன் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துப் பண்டிகை. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே வெளிச்சம் வைப்பார்கள். அமெரிக்காவுக்குக் குடிவந்தபோது குடைவதற்கு இன்னும் வாகாகப் பூசணிக்காய் கிடைத்தது. முகம் வரைந்த காயை வாசலில் வைத்து வேண்டாததை விரட்டுகிற எண்ணம் அத்தைக்கு அன்னியம் இல்லை. வாசலில் வைக்கும் பூசணிக்கு முகம் வரைகிற வேலையை அவரிடமும் மகளிடமும் கொடுத்துப் பாருங்கள். கத்தி வேண்டாம், மார்க்கர் போதும்.

அத்தை சொல்வதில் ஒரு பாதி முழுக்கச் சரி. விளக்கு வைக்கிற நேரம் இந்தப் புத்தகங்களுக்கு நேரமில்லை. இங்கே அக்டோபர் கடைசியில் 6 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் 5 மணிக்கே இருட்டு. கோடையில் வெயிலோடு தூங்கப்போன பிள்ளை, இப்போது விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் கறுத்துப்போவதைப் பார்க்கிறது. அந்த நேரத்தில் கையில் பேய்ப் புத்தகம் வேண்டாமே. சனி, ஞாயிறு காலையில் வாசியுங்கள். தூங்கும் முன் வாசிக்கும் கடைசிப் புத்தகம் எப்போதும் சாதுவானதாக இருக்கட்டும். என் கதை நேரத்துக்கு வரும் ஒரு பையன், மிரட்டும் புத்தகத்தை ராத்திரியில் செருப்பு வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் படுப்பான். அவன் அம்மா அதைப் பார்த்துச் சிரிக்காமல் விட்டது எனக்குப் பிடித்திருந்தது.

சொற்களிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆங்கிலப் படப் புத்தகத்துப் பேய் பெரும்பாலும் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்திய வட்டமான ஆசாமி. அதை நாம் ‘பேய்’ என்று தமிழில் சொன்னதும், அத்தை காதில் அது முச்சந்தியும் புளியமரமும் வேப்பிலையுமாக விழுகிறது. ‘சூனியக்காரி’ இன்னும் மோசம். அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் நிஜமான பகையும் நிஜமான பழியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பழியைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் கேட்க நாதியற்ற பெண்கள். படப் புத்தகத்தில் துடைப்பத்தில் ஏறிப் பறந்து, தொப்பி பறந்துபோனால் இறங்கித் தேடுகிறவளுக்கு அந்தப் பெயர் எதற்கு? நான் தமிழ்ப் பிள்ளைகளிடம் ‘மந்திரக்காரப் பாட்டி’ என்கிறேன். பேயை ‘வெள்ளைத் துணி மாமா’ என்று ஒரு குழந்தை பெயர் வைத்தாள். பெயர் வைக்கிற உரிமையையும் உங்கள் மகளிடமே விட்டுவிடுங்கள். வீட்டில் அந்தப் பெயர் புழங்க ஆரம்பித்தால் அத்தையின் முகச்சுளிப்பும் குறையும்.

அத்தையிடம் இன்னொன்றும் பக்குவமாகப் பேச வேண்டியிருக்கலாம். நம் வீடுகளில் புத்தகத்துப் பேயை வேண்டாம் என்பவர்களே, சோறு ஊட்டும்போது ‘சாப்பிடலைன்னா பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்’ என்பார்கள். உங்கள் அத்தை அப்படிச் சொல்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சொன்னால், அன்பாகத் தடுத்துவிடுங்கள். புத்தகத்துப் பூதத்தைப் பிள்ளை மூடி வைக்கலாம். பூச்சாண்டியை மூட முடியாது, அவனைக் கூப்பிடும் அதிகாரமும் தன்னைக் காப்பாற்ற வேண்டிய பெரியவர் கையிலேயே இருக்கிறது. அது பிள்ளையைத் தனியாக விட்டுவிடுகிறது. தடுப்பதோடு நிற்காமல், அவரிடம் கதை கேளுங்கள். அவர் தலைமுறை வேதாளத்தை முருங்கை மரத்திலிருந்து இறக்கித் தோளில் போட்டு வளர்ந்த தலைமுறை. அம்புலிமாமாவில் மாதா மாதம் அந்தப் பிணம் விக்கிரமாதித்தன் தோளிலிருந்து கேள்வி கேட்டது. அந்தக் கதைகள் உங்கள் மகனுக்குச் சரியான வயது. அவன் பாட்டி மடியில் தலை வைத்து வேதாளம் கேட்கட்டும்.

கணவரிடம் இதைச் சொல்லுங்கள். பழகட்டும் என்று அவர் சொல்வது நியாயம்தான். வீதி முழுக்க எலும்புக்கூடு தொங்கும் ஊரில் பிள்ளையைக் கண்ணைக் கட்டி வளர்க்க முடியாது. ஆனால் நம் கிராமத்துக் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித்தான் இறக்குவார்கள். ‘இதுக்கெல்லாமா பயப்படுற?’ என்ற கேள்வியால் எந்தப் பிள்ளையும் தைரியசாலி ஆனதை இந்த 16 வருடத்தில் நான் பார்க்கவில்லை. பயத்தை மறைக்கக் கற்றுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். வாசிக்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள். கீச்சென்று கத்திச் சிரித்து உங்கள் தோளில் முகத்தைப் புதைத்தால் அது ஊஞ்சல் பயம், கவலையில்லை. சத்தமே இல்லாமல், இமைக்காமல், உடம்பு விறைத்து உட்கார்ந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதுவும் சட்டென்று மூடாமல், கடைசிப் பக்கத்துக்குத் தாண்டிப்போய் முடிவைக் காட்டிவிட்டு மூடுங்கள். நடுவில் மூடினால் பூதம் அவள் மனதில் அதே பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.

வீதி அலங்காரங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைவிட எனக்கு அவைதான் கவலை. ஆள் நடந்தால் கண் சிவந்து அலறும் பொம்மைகளைக் கடை வாசலில் வைக்கிறார்கள். அவற்றைத் திருப்பிப் போட ஒரு பக்கம் இல்லை. பகல் வெளிச்சத்தில், வீதியின் எதிர்ப்பக்கம் நின்று, கூட நடந்து காட்டுங்கள். பக்கத்து வீட்டில் அனுமதி கேட்டு ஒரு பிளாஸ்டிக் எலும்பைத் தொட்டுப் பார்க்கவும் செய்யலாம். 31-ஆம் தேதி மிட்டாய் வாங்கப் போவதென்றால் இருட்டுவதற்கு முன்னால் நாலு வீடு போய்விட்டுத் திரும்புங்கள், போதும். முகமூடி வேண்டாம். அம்மா அப்பா முகம் எப்போதும் அம்மா அப்பா முகமாகவே இருக்கட்டும்.

நான் சொன்னதையெல்லாம் செய்தும் சில வாரங்களாகத் தூக்கம் சரியாகவில்லை, பாத்ரூம் போக மறுக்கிறாள், பகலிலும் உங்களை விட்டு நகர மறுக்கிறாள் என்றால் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவரை போகாது.

அடுத்த வருடத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு: நல்ல ஹாலோவீன் புத்தகங்கள் அக்டோபர் முதல் வாரத்திலேயே அலமாரியில் இருக்காது. செப்டம்பரில் உங்கள் நூலகத்துக் குழந்தைகள் பிரிவில் போய், ‘என் பிள்ளைக்கு 5 வயது, இன்ன விஷயத்துக்குப் பயப்படுவாள்’ என்று சொன்னால், எங்களில் யாராக இருந்தாலும் தேடி எடுத்து வைப்போம். அந்த ஒரு வரி எங்களுக்கு ரொம்ப உதவும்.

அந்தப் பச்சை ரிப்பன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். மகன் படித்து முடித்துவிட்டானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, வாசலில் இருக்கும் புத்தகப் பெட்டியின் வாய்க்கு எட்டுகிற மாதிரி மகளைத் தூக்கிப் பிடியுங்கள். அவள் கையாலேயே போடட்டும். உள்ளே ‘டப்’ என்று விழும் சத்தம் கேட்கிற வரைக்கும் இறக்கிவிட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மாநிலத்துக் குழந்தைகள் நூலகர் ஒருவர்